குதிரை சொன்ன தீர்ப்பு

பெண்டாட்டியை அடிக்கிற புருஷனை நாவலாசிரியர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்கள் சிலவற்றை இந்தக் கேள்வியை மனசில் வைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன். பெரும்பாலும் கொன்றுவிடுகிறார்கள். தூக்குமேடைக்கு அனுப்பிக் கொல்வதில்லை. ஒரு கயிறு நழுவுகிறது, ஒரு குதிரை இடறுகிறது, ஆள் தீர்ந்தான். ஆசிரியருக்கும் நிம்மதி, வாசகருக்கும் நிம்மதி.

டிக்கன்ஸின் "ஆலிவர் ட்விஸ்ட்"டில் பில் சைக்ஸ் நான்ஸியை அடித்தே கொல்கிறான். நான்ஸி தாலி கட்டிய மனைவி அல்ல. ஆனால் மனைவிமார் படுகிற பாடெல்லாம் அவளும் பட்டவள்தான். ஊர் திரண்டு அவனைத் துரத்துகிறது. கூரையிலிருந்து கயிற்றைப் பிடித்து இறங்கித் தப்பப் பார்க்கிறவன் தடுமாறி விழ, அவன் கையால் போட்ட சுருக்கே அவன் கழுத்தில் விழுந்து இறுகுகிறது. ஆன் பிராண்டி 1848-ல் எழுதிய "தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்" நாவலில் ஹன்டிங்டன் கை நீட்டியதைவிடக் குடித்ததும் கூத்தடித்ததும்தான் அதிகம். மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவனோ குதிரையிலிருந்து விழுந்து, படுத்த படுக்கையாகி, அப்போதும் குடியை விடாமல் சாகிறான். ஜார்ஜ் எலியட்டின் "ஜேனட்ஸ் ரிபென்டன்ஸ்" கதையில் வக்கீல் டெம்ப்ஸ்டர் குடிவெறியில் தானே வண்டி ஓட்டிப் போய்த் தூக்கியெறியப்பட்டுச் சாகிறான். ஆங்கில நாவலில் குதிரைக்கு இருக்கிற நியாய உணர்ச்சி மாஜிஸ்திரேட்டுக்கு இல்லை என்று ஒருவன் நினைத்தால் தப்பில்லை.

நம் ஊரில் குதிரைக்குப் பதில் வியாதி. 1954-ல் வந்த "ரத்தக் கண்ணீர்" படத்தில் பெற்ற தாயை எட்டி உதைத்தவனுக்குக் குஷ்டம் வருகிறது. எம்.ஆர். ராதாவின் நடிப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குரலை இன்றைக்குக் கேட்டாலும் உடம்பு சிலிர்க்கிறது. (அந்த வியாதிக்காரர்களுக்கு அந்தப் படமும் அதன் வழி வந்தவையும் செய்த அநியாயம் தனி விஷயம்.) நம் தொடர்கதைகளில் இன்னொரு மருந்தும் உண்டு. புருஷனுக்குப் பாரிச வாயு வரும். அடிபட்டவளே உட்கார்ந்து கஞ்சி புகட்டுவாள். அவன் கண்ணில் ஒரு துளி நீர் வழியும். கதை முற்றும். இதை எழுதி நல்ல பெயர் வாங்கியவர்கள் நம்மில் பலர்.

இதில் என்ன குறை என்று கேட்கலாம். கெட்டவன் கெட்டுப் போவதைத்தானே வாசகர் விரும்புகிறார்? குறை இதுதான். குதிரை தடுக்கி விழுவதால் கதாசிரியர் ஒரு கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்கிறார். மாஜிஸ்திரேட் அப்படித் தப்பிக்க முடியாது. அவர் முன்னால் நிற்கிறவன் உயிரோடு இருக்கிறான். அடிபட்டவளும் உயிரோடு இருக்கிறாள். அவர் எத்தனை மாதம் போட்டாலும் அந்த மாதங்கள் ஒருநாள் முடியும். முடிந்த அன்று சாயங்காலம் அவன் எந்த வீட்டுக்குப் போவான்? இந்தக் கேள்விதான் குடும்பத்தில் நடக்கிற அடிதடி வழக்கை மற்ற அடிதடி வழக்குகளிலிருந்து பிரிப்பது. சந்தைக்கடையில் அடித்தவன் சிறையிலிருந்து வந்தால் அடிபட்டவன் வேறு தெரு வழியாகப் போகலாம். இங்கே வேறு தெரு கிடையாது.

"ஜேனட்ஸ் ரிபென்டன்ஸ்" கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அதன் முற்பாதியைப் போல இந்த விஷயத்தை உண்மையாக எழுதியவர்கள் குறைவு. டெம்ப்ஸ்டர் கெட்டிக்கார வக்கீல். ஊரில் மதிப்புள்ளவன். ஜேனட் அழகி, படித்தவள், அடியை மறக்கத் தானும் குடிக்கப் பழகியவள். இந்தக் கடைசி விவரத்தை எழுத அந்தக் காலத்தில் எவ்வளவு தைரியம் வேண்டும்! அடிபடுகிறவள் அப்பழுக்கற்றவளாக இருந்தால்தான் வாசகர் இரங்குவார் என்ற விதியை ஆசிரியை முதல் அத்தியாயங்களிலேயே உடைத்துவிடுகிறார். ஒரு நாள் அவள் ஒரே ஒரு தடவை புருஷனை எதிர்க்கிறாள். சாயங்காலம் விருந்தாளிகள் வருகிறார்கள். அவர்கள் இருக்கிறவரையில் ஒன்றும் நடக்காது என்பது அவளுக்குத் தெரியும். போன பிறகு நடக்கும் என்பதும் தெரியும். அந்தக் காத்திருப்பை எழுதிய விதத்தில்தான் மேதையின் கை தெரிகிறது. அடி விழுவதைவிட, அடிக்குக் காத்திருப்பது பெரிய தண்டனை. நள்ளிரவில் அவளை இரவு உடையோடு வெளியே தள்ளிக் கதவைத் தாழ் போடுகிறான். குளிரில், வெறுங்காலோடு, தன் வீட்டு வாசற்படியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

இதுவரை கதை அசைக்க முடியாதது. இதற்குப் பிறகுதான் வண்டி வருகிறது. டெம்ப்ஸ்டர் ஏன் தானே வண்டி ஓட்டினான்? அவன் சாட்டையால் அடித்ததால் வண்டிக்காரன் வேலையை விட்டுப் போய்விட்டான். இந்தச் சிறிய விவரத்தை ஆசிரியை அடிக்கோடு போடாமல் எழுதிப் போகிறார். எனக்கு அது கதையிலேயே கூர்மையான இடமாகத் தோன்றுகிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர் அடிபட்டார்கள். கூலிக்கு வந்தவன் உடனே போய்விட்டான். மனைவிக்கு அது முடியவில்லை. வருஷக்கணக்காக அவள் போகவில்லை. கடைசியில் அவளாகப் போகவும் இல்லை, தள்ளப்பட்டாள். ஆனால் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போவதற்குள் டெம்ப்ஸ்டர் விழுந்து, பிதற்றி, மனைவியின் பணிவிடையைப் பெற்றுக்கொண்டு செத்துவிடுகிறான். ஜேனட் விதவையாகி, மனம் தெளிந்து, நல்லவளாகிறாள். அவன் பிழைத்து எழுந்திருந்தால்? அந்த அத்தியாயத்தை யாரும் எழுதவில்லை. இந்தக் கதைக்கு ஆதாரமான நிஜ மனிதர்களைப் பற்றி ஆசிரியை தம் பிரசுரகர்த்தர் பிளாக்வுட்டுக்குக் கடிதத்தில் சொல்லியிருக்கிறார்: நிஜ டெம்ப்ஸ்டர் இன்னும் அருவருப்பானவன், நிஜ ஜேனட்டின் முடிவு இன்னும் சோகமானது என்று. ஆக, உண்மை அவருக்குத் தெரிந்திருந்தது. அதைக் கதைக்குள் விடவில்லை.

வழக்கு மாஜிஸ்திரேட்டிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கதை நடக்கிற காலத்தில் அமலில் இருந்தது 1828-ஆம் வருஷத்துச் சட்டம். சாதாரண அடிதடிக்கு மாஜிஸ்திரேட் போடக்கூடியது 5 பவுன் வரை அபராதம். கட்டாவிட்டால் இரண்டு மாதம் வரை சிறை. டெம்ப்ஸ்டர் மாதிரி ஒரு வக்கீலுக்கு 5 பவுன் என்ன பெரிய தொகை? ஏழைக் குடும்பத்திலோ அபராதம் வேறு விதமாகப் போய் விழும். புருஷன் கட்டுகிற அபராதம் வீட்டுச் சாப்பாட்டிலிருந்து போகிறது. அடிபட்டவளே அடித்தவனுக்காகப் பட்டினி கிடந்து அபராதம் கட்டுகிறாள். 1853-ல் ஒரு புதுச் சட்டம் வந்தது. பெண்களையும் குழந்தைகளையும் கொடுமையாகத் தாக்கினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 20 பவுன் வரை அபராதம். ஜேனட்டின் கதை பத்திரிகையில் வந்துகொண்டிருந்த 1857-ஆம் வருஷத்திலேயே விவாகரத்துச் சட்டமும் நிறைவேறியது. ஆனால் அந்தச் சட்டத்தில் மனைவி தப்பு செய்தால் கணவனுக்கு அது ஒன்றே போதும். கணவனிடமிருந்து விடுபட மனைவிக்கு அவன் சோரம் மட்டும் போதாது, கொடுமையோ வேறொன்றோ கூடச் சேர வேண்டும். வெறும் அடி மட்டும் என்றால் அவளுக்கு விடுதலை இல்லை.

ஆறு மாதம் போதாது, இவர்களுக்குக் கசையடி கொடுக்க வேண்டும் என்று 1870-களில் பார்லிமென்டில் ஒரு கோஷ்டி கிளம்பியது. நல்ல கைதட்டலும் கிடைத்தது. பத்திரிகை படிக்கிறவனுக்கு இது இனிக்கும். குதிரை செய்கிற வேலையைச் சர்க்கார் செய்கிற மாதிரி. அப்போதுதான் ஃபிரான்ஸிஸ் பவர் காப் என்ற அம்மாள் 1878-ல் இங்கிலாந்தில் மனைவியர் படும் சித்திரவதையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நாவலாசிரியை அல்ல. டப்ளினில் பிறந்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பத்திரிகைகளில் எழுதி ஜீவித்தவர். பெண்டாட்டியை அடிப்பது என்ற சொல்லே விஷயத்தை மெழுகி மறைக்கிறது என்று அவருக்குக் கோபம். அதனால்தான் தலைப்பிலேயே சித்திரவதை என்ற சொல்லைப் போட்டார்.

கசையடியைப் பற்றி அவர் சொன்னதுதான் முக்கியம். அடி வாங்கினவன் முன்னைவிட மூர்க்கனாகத்தான் வீடு திரும்புவான். அவள் மறுபடியும் அவன் கையில். ஆகவே தண்டனையைக் கூட்டுங்கள் என்று அவர் மன்றாடவில்லை. கதவைத் திறந்துவிடுங்கள் என்றார். கணவன் குற்றவாளி என்று தீர்ப்பானதும் அதே மாஜிஸ்திரேட்டே மனைவிக்குத் தனியே வாழ உத்தரவு கொடுக்கட்டும், வாரந்தோறும் ஜீவனாம்சம் விதிக்கட்டும், குழந்தைகளை அவளிடம் விடட்டும். அதே 1878-ல் அது சட்டமாயிற்று. ஓட்டைகள் உண்டு. அவளுடைய உயிருக்கு இனியும் ஆபத்து என்று மாஜிஸ்திரேட்டுக்குத் தோன்ற வேண்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட குழந்தை அவளுக்கு இல்லை. அவள் நடத்தையில் குற்றம் நிரூபணமானால் எதுவும் இல்லை. இருந்தாலும் பெரிய நாவலாசிரியர்கள் தொடாமல் விட்ட அந்த எழுதப்படாத அத்தியாயத்தின் முதல் வரியை எழுதியது இந்த அம்மாள்தான் என்று நான் நினைக்கிறேன்.

இங்கிலாந்துக் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். "ஆலிவர் ட்விஸ்ட்" மாதாமாதம் வர ஆரம்பித்த 1837-ஆம் வருஷத்தில்தான் மெக்காலே நமக்கான தண்டனைச் சட்டத்தின் நகலை எழுதி முடித்தார். "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" தொடங்கிய 1860-ல் அது சட்டமாயிற்று. 1862 முதல் 2024 ஜூன் வரை நம்மை ஆண்டது. இப்போது அதற்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா. பெயர் மாறினாலும் காயத்தைப் பாகுபடுத்துகிற முறை பெரும்பாலும் பழையதே: சாதாரணக் காயம், கொடுங்காயம். கண் போனால், காது போனால், மூட்டு வழங்காமல் போனால், முகம் நிரந்தரமாக விகாரமானால், எலும்போ பல்லோ முறிந்தால் கொடுங்காயம். ஏழு வருஷம் வரை போடலாம். பல் உடையாமல் உதடு மட்டும் கிழிந்தால் சாதாரணக் காயம். ஒரு வருஷம் வரைதான். ஆயுதம் எடுத்திருந்தால் கணக்கு வேறு.

கொடுங்காயத்தின் கடைசி வகையைக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். காயம் பட்டவர் 20 நாள் கடும் வலியில் கிடந்தால், அல்லது அன்றாட அலுவலைப் பார்க்க முடியாமல் போனால் அதுவும் கொடுங்காயம். புதுச் சட்டத்தில் அது 15 நாளாகக் குறைந்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் நம் வீட்டுப் பெண்ணின் அன்றாட அலுவல் எது? அடுப்பு மூட்டுவது, தண்ணீர் பிடிப்பது, பிள்ளைக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்புவது. ராத்திரி அடிபட்டவள் விடிந்ததும் வலியோடு எழுந்து இதையெல்லாம் செய்துவிடுகிறாள். செய்யாவிட்டால் பிள்ளைகள் பட்டினி. செய்தாலோ, அலுவலைப் பார்த்தாள் என்று ஆகிறது. அவளுடைய பொறுமையே எதிர்க்கட்சி வக்கீலுக்குச் சாட்சி. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் "சாதாரணக் காயம்" என்று ஒரு வரி விழுந்துவிட்டால் அப்புறம் எந்த நாவலாசிரியனாலும் அதை மாற்றி எழுத முடியாது.

இதைவிட ஆழமான வித்தியாசம் ஒன்று உண்டு. காயத்தைப் பற்றிய பிரிவுகள் எல்லாம் சிறுகதை மாதிரி. ஒரு ராத்திரி, ஒரு சம்பவம், ஒரு கை, ஒரு தழும்பு. அந்த ராத்திரிக்கு முந்திய ஏழு வருஷம் அதில் அடங்காது. 1983-ல்தான் நம் சட்டத்தில் நாவல் மாதிரி ஒரு பிரிவு சேர்ந்தது: 498-ஏ. கணவனோ அவன் உறவினரோ மனைவியைக் கொடுமைப்படுத்தினால், சம்பவம் சம்பவமாகப் பார்க்காமல் நடத்தையாகப் பார்க்கலாம். புதுச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் தண்டனையைப் பாருங்கள். பல்லை உடைத்த ஒரே அடிக்கு ஏழு வருஷம் வரை. பல் உடையாமல் பார்த்துக்கொண்டு பத்து வருஷம் நடத்திய கொடுமைக்கு மூன்று வருஷம் வரை. சிறுகதைக்குக் கொடுக்கிற சன்மானத்தில் பாதிகூட நாவலுக்கு இல்லை.

இதிலும் "வரை" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். சட்டம் இங்கே உச்சவரம்பைத்தான் சொல்கிறது. கீழே எவ்வளவு வேண்டுமானாலும் இறங்கலாம். கோர்ட் கலைகிற வரை உட்கார வைத்து அனுப்பலாம். 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டப்படி எச்சரித்தும் விடலாம். 2024 ஜூன் வரை அமலில் இருந்த 1973-ஆம் வருஷத்து நடைமுறைச் சட்டம், குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு தண்டனையைப் பற்றித் தனியாக அவன் என்ன சொல்கிறான் என்று கேட்கச் சொன்னது. நியாயமான ஏற்பாடு. அப்போது சொல்லப்படுகிற வார்த்தை எது? நான் குடும்பஸ்தன், என்னை நம்பி மனைவி மக்கள் இருக்கிறார்கள். மற்றக் குற்றங்களில் இது மனசை இளக்குகிற வார்த்தை. இங்கே? எந்தக் குடும்பத்தை அடித்தானோ அதே குடும்பத்தைக் காட்டிக் கருணை கேட்கிறான். அதில் பொய்யும் இல்லை. அவன் சிறைக்குப் போனால் அவர்கள் சாப்பாட்டுக்குத் திண்டாடுவது நிஜம். எந்தத் தண்டனை போட்டாலும் பாதி அவளுக்கு என்றால் நீதிபதி பேனாவை எப்படிப் பிடிப்பார்?

அவளுக்கும் இது தெரியும். அதனால்தான் சாட்சிக்கூண்டில் ஏறி, மாடிப்படியில் தவறி விழுந்தேன் என்கிறாள். சாதாரணக் காய வழக்கு அவள் சம்மதித்தால் ராஜியாகிவிடும். கொடுங்காயத்துக்குக் கோர்ட்டின் அனுமதி வேண்டும். கொடுமைப் பிரிவு பொதுவாக ராஜிக்கு உட்பட்டதல்ல என்றாலும், 2003-ல் சுப்ரீம் கோர்ட் வழிகாட்டியபடி ஹைகோர்ட்டில் ரத்து செய்துகொள்ளலாம். ராஜியாகிறவளைக் கோழை என்று பேசுகிற நண்பர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை. ராஜி பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவள் மூன்று வருஷத்தையும் முப்பது வருஷத்தையும் ஒரே சமயத்தில் கணக்குப் போடுகிறாள். காப் அம்மாள் கேட்டதை, குற்றத் தீர்ப்புக்குக் காத்திராமலே, நம் நாட்டில் 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் கொடுக்கிறது: பாதுகாப்பு உத்தரவு, அதே வீட்டில் குடியிருக்கும் உரிமை, ஜீவனாம்சம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை. நூற்று இருபத்தேழு வருஷம் கழித்து வந்தாலும் வந்தது. ஆனால் பத்திரிகையில் செய்தி படிக்கிற நாம் இன்னமும் "எத்தனை வருஷம் போட்டார்கள்?" என்றுதான் கேட்கிறோம். "இப்போது அவள் எங்கே இருக்கிறாள்?" என்று கேட்பதில்லை. கதை படித்துப் பழகிய பழக்கம் அது, பழக்கியவர்கள் நாங்கள்.

டிக்கன்ஸை சைக்ஸோடு விட்டுவிட்டால் அவருக்கு அநியாயம் செய்தவனாவேன். "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" நாவலில் ஜோ என்ற கொல்லன் தன் தகப்பனைப் பற்றிச் சிறுவன் பிப்பிடம் அடுப்பங்கரையில் உட்கார்ந்து சொல்கிறான். அப்பன் குடித்துவிட்டு அம்மாவையும் மகனையும் சம்மட்டியால் இரும்பை அடிக்கிற மாதிரி அடிப்பான். பல தடவை இருவரும் ஓடிப்போனார்கள். ஓடிப்போன இடத்தில் அம்மா வேலை தேடிக்கொண்டு பையனைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாள். அப்பன் ஆள் கூட்டத்தோடு வந்து வாசலில் நின்று ஆர்ப்பாட்டம் செய்வான். வீட்டுக்காரர்கள் பயந்து இவர்களை ஒப்படைத்துவிடுவார்கள். அழைத்துப்போய் மறுபடியும் அடிப்பான். குதிரை இல்லை, கயிறு இல்லை. இரண்டே பக்கம். நான் படித்தவற்றில் இதற்கு இணை இல்லை. அப்பனுக்கு மனசு நல்ல மனசு என்று ஜோ கடைசியில் சொல்வதுதான் அதில் பயங்கரம். அம்மாவை நினைத்துத்தான் தன் மனைவி தன்னையும் பிப்பையும் அடிக்கிறபோதுகூட ஜோ கை ஓங்குவதில்லை.

அந்த மனைவியைப் பட்டறை ஆள் ஆர்லிக் ஒரு ராத்திரி பின்னாலிருந்து அடித்துச் சாய்க்கிறான். சாகவில்லை. பேச்சுப் போகிறது, ஞாபகம் தடுமாறுகிறது. லண்டனிலிருந்து வந்த போலீஸ்காரர்கள் ஒன்றிரண்டு வாரம் அலைந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவள் கற்பலகையில் சம்மட்டி மாதிரி ஒரு குறி போட்டுப் போட்டுக் காட்டுகிறாள். ஆர்லிக்கைக் கூப்பிடுகிறார்கள். குற்றம் சாட்டப் போகிறாள் என்று பிப் காத்திருக்க, அவளோ அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, அவன் மனம் கோணாமல் இருக்க வேண்டுமே என்ற தவிப்போடு, அவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்கச் சொல்லி ஜாடை காட்டுகிறாள். அதற்குப் பிறகு தினமும் அந்தக் குறி. தினமும் அவன் வந்து எதிரே நிற்பான். டிக்கன்ஸ் இதற்கு விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. நாவலின் முடிவில் ஆர்லிக் சிறைக்குப் போகிறான். பம்பிள்சூக் என்ற தானிய வியாபாரியின் வீட்டில் புகுந்து பணப்பெட்டியை எடுத்து, அவருடைய ஒயினையும் குடித்த குற்றத்துக்கு.